கோரை வெட்டிய இஸ்திரிக்காரர்

இஸ்திரிக்காரருக்குச் சுருக்கம் ஆகாது. துணியில் மட்டும் என்றால் தொழில் பக்தி என்று விட்டுவிடலாம். அவர் பேப்பர் படித்தால்கூடப் படித்த பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவார். வாசலில் செருப்புகள் கோணல்மாணலாகக் கிடந்தால், வந்திருப்பது யார் என்று பார்க்கும் முன்னே குனிந்து அவற்றை ஜோடி சேர்ப்பார். சலவைக்கூடத்துப் பெண்கள் அவருக்கு ‘மடிப்பு அண்ணன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காதுபடவே கூப்பிடுவார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

சலவைக்கூடம் அவருடையது அல்ல, அவருடைய தங்கையுடையது. ஓர் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும் இரண்டு விடுதிகளின் திரைச்சீலைகளும் தினமும் அங்கே வந்து வெளுத்துப் போகும். தங்கையின் கணவர் வண்டி ஓட்டுவார், அதைவிட வேகமாக வாய் ஓட்டுவார். துவைக்க நான்கு மெஷின், ஆறு பெண்கள். இஸ்திரி மேஜை மட்டும் அண்ணனுடைய ராஜ்ஜியம்.

துவைத்த தண்ணீர் எங்கே போகும் என்பதில்தான் இந்தக் கதை இருக்கிறது. கூடத்துக்குப் பின்னால் ஏரி. நான்கு வருஷத்துக்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்கிற அதிகாரி வந்து, கூடத்திலிருந்து ஏரிக்குப் போகும் வாய்க்காலில் ஒரு பாட்டில் மொண்டு பார்த்தார். பாட்டிலுக்குள் பழைய கஞ்சி நிறத்தில் இருந்தது. “இது முதல் தடவை. இன்னொரு தடவை இப்படி இருந்தா வாய்க்காலை அடைச்சு சீல் வச்சிடுவோம்” என்று எழுதியும் கொடுத்துவிட்டுப் போனார். வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் போக வழியில்லை. தண்ணீர் போகாவிட்டால் சலவைக்கூடம் என்று பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சும்.

வடிகட்டும் மெஷின் வாங்கலாம் என்றார் கணவர். தங்கை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்கரைச் சேற்றில் முழங்கால் வரைக்கும் இறங்கினாள். யாரும் நடாமல் தானாக அங்கே வளர்ந்து கிடந்த கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, வாய்க்காலுக்கு முன்னால் ஒரு நீளமான படுகை வெட்டி நட்டாள். “ஏரி தன்னை இத வச்சுத்தான் கழுவிக்குது. நாமளும் அதையே செய்வோம்” என்றாள்.

“ஊரே களைன்னு பிடுங்கி எறியறத, இவ மட்டும் ஆரத்தி எடுத்துக் கூட்டிட்டு வர்றா பாருங்க மச்சான்” என்றார் கணவர்.

“விடுங்க மாப்பிள்ளை. உங்களையே கூட்டிட்டு வந்தவதான” என்றார் இஸ்திரிக்காரர்.

கோரை அவளைக் கைவிடவில்லை. ஒருமுறை நட்டால் போதும், மறுபடி நட வேண்டியதில்லை. பருவம் முடிந்தால் மேலே தண்டு காய்ந்துவிடும். வெயில் ஏறத் தொடங்கும்போது சேற்றுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து புதுத் தண்டு கிளம்பும். ஆள் உயரம் வளரும். தண்டை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினால் உருளாது, மூன்று பட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டும். இரண்டாவது வருஷத்திலேயே, படுகை தாண்டி வந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அதன் வழியாகப் பேப்பர் படிக்கலாம் என்று ஆகிவிட்டது. அதிகாரி ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார், தலையாட்டுவார், போவார்.

இந்த வருஷம் தங்கையின் மகளுக்குப் பிரசவம். ஒரு நாள் பயணத் தூரம். மாதக் கடைசிவரைக்கும் வர முடியாது. மூன்றாம் தேதி கிளம்பும்போது தங்கை ஒரு காகிதத்தில் பதினோரு விஷயங்களை எண் போட்டு எழுதி, இஸ்திரி மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். ஏழாவது: கோரைப் படுகையில் தண்ணீர் ஒரு சாணுக்குக் குறையக் கூடாது.

கோரையை வெட்டாதே என்று அதில் எழுதவில்லை. வெட்டுவார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இஸ்திரி மேஜைக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே படுகை. பாலாய் வெளுத்த விரிப்பிலிருந்து கண்ணை எடுத்தால், பழுப்படித்து, ஒடிந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, குடித்துவிட்டு வந்தவன் தலைமயிர்போலக் காய்ந்த கோரை. மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் அவருக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. தங்கை திரும்பி வரும்போது இடம் பளிச்சென்று இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள். முதல் தேதி அதிகாரிகூட அசந்துபோவார்.

அரிவாள் வாங்கி வந்தார். படுகைக்குக் குறுக்கே நூல் பிடித்தார். தண்ணீருக்கு மேல் ஒரு துரும்பும் தெரியக் கூடாது என்று, அடியில் கையை விட்டு, தண்ணீருக்குள் நாலு விரல் ஆழத்தில் ஒரே மட்டமாக அறுத்தார். இரண்டு பெண்கள் கட்டுக் கட்டாக வாரிப் போட்டார்கள். முடிந்ததும் ஏழாவது விதியை நினைத்துக்கொண்டார். படுகையின் கோடியில் தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு ஒரு வளைவு உண்டு. அதை மேலே திருப்பினால் படுகையில் தண்ணீர் ஏறும், கீழே திருப்பினால் இறங்கும். மேலே திருப்பி, சாண் வைத்து அளந்து, நிறைத்தார். படுகை நீட்டி விரித்த கண்ணாடிபோல் ஆகிவிட்டது. வானம் சுருக்கமில்லாமல் தெரிந்தது.

“இப்பதான் மச்சான் இது நம்ம கூடம் மாதிரி இருக்கு” என்றார் மாப்பிள்ளை.

ஒரே ஒரு குறை. மோட்டார் அறைக்குப் பின்னால் மூலையில் ஒரு குத்து கோரை. குழாய் குறுக்கே நின்றதால் அரிவாள் எட்டவில்லை. அது மட்டும் பழுப்பாக, பரட்டையாக நின்றது. அந்தப் பக்கம் பார்வை போகும்போதெல்லாம் அவருக்கு உள்ளங்கை அரித்தது.

தங்கை தினமும் சாயங்காலம் போன் செய்தாள். பேத்தி பிறந்துவிட்டாள், மூக்கு யார் மூக்கு என்று இன்னும் முடிவாகவில்லை, இப்படி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்பாள்.

“அண்ணே, கோரை எப்படியிருக்கு? துளிர் விட்ருச்சா?”

“அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு. நீ வந்து பாரு” என்பார். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பதால் படம் காட்டவில்லை. அவள் வீடியோவில் குழந்தையைக் காட்டியபோதுகூட, இவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பதினாலாம் தேதி காலையில் ஜன்னலைத் திறந்தவர் உடனே மூடினார். வெளியே அழுகின முட்டை நாற்றம். மெஷின்காரப் பெண் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, “மடிப்பண்ணே, கண்ணாடி கறுத்துப்போச்சு” என்றாள். போய்ப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் தண்ணீர், மேலே நுரை. வாய்க்காலில் ஒரு பாட்டில் பிடித்தார். பேப்பர் படிப்பது இருக்கட்டும், பாட்டிலுக்குப் பின்னால் தன் விரலே தெரியவில்லை. பழைய கஞ்சி நிறம்.

முதல் தேதிக்குப் பதினாறோ பதினேழோ நாள். இரண்டாம் தடவை என்றால் சீல்.

அன்று சாயங்காலமும் போன் வந்தது. “கோரை எப்படியிருக்கு?”

“இருக்கு” என்றார். ஜம்மென்று என்ற சொல் மட்டும் நாக்கில் ஏறவில்லை.

மறுநாள் ஒரு விஷயம் நடந்தது. இஸ்திரி மேஜையில் அவர் ஒரு விரிப்பை ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஆவி நின்றுவிட்டது. பெட்டி சூடாக இருக்கிறது, ஆவி மட்டும் இல்லை. திரும்பிப் பார்த்தால், துணி மடிக்கிற பெண் ஈரத்துணிக் கூடையை ஆவி வரும் ரப்பர் குழாய்மேலேயே வைத்துவிட்டு, மகராசியாகத் தலை கோதிக்கொண்டிருந்தாள்.

“கூடையை எடும்மா. மூச்சுக்குழாய மிதிச்சா பெட்டி எப்படி வேலை செய்யும்?”

“நான் எங்க மிதிச்சேன், கூடைதான் மிதிச்சுது.”

“சரி, கூடைகிட்ட சொல்லு.”

கூடை நகர்ந்தது. பெட்டி புஸ்ஸென்று மூச்சு விட்டது. இவருக்கும் மனசுக்குள் ஏதோ புஸ்ஸென்றது, என்னவென்று பிடிபடவில்லை.

மத்தியானம் தன்னையறியாமல் மோட்டார் அறைக்குப் பின்னால் போய் நின்றார், அரிவாள் எட்டாத அந்த மூலைக்கு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். பரட்டைத் தண்டுகளின் அடியில், தண்ணீருக்குள், பச்சையாக ஊசி ஊசியாய் ஏழெட்டு முனை. அங்கே நாற்றமும் இல்லை. இரண்டு அடி தள்ளி, தான் அறுத்த இடத்தில் கையை விட்டுத் துழாவினார். அறுத்த கட்டைகள் ஊறிப்போன ரொட்டிபோலக் கொழகொழத்தன.

அவர் எதையும் வரிசையாக யோசிக்கிறவர். அதே தண்ணீர். அதே சேறு. அதே கிழங்கு. வித்தியாசம் என்ன? இங்கே காய்ந்த தண்டு தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே நிற்கவில்லை.

ஒரு காய்ந்த தண்டை ஒடித்தார். பிளேடால் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். உள்ளே தேன்கூடுபோலப் பொடிப்பொடி அறைகள். ஒரு முனையைத் தண்ணீர் நிறைந்த குவளையில் வைத்து, மறு முனையை வாயில் வைத்து ஊதினார். குவளைக்குள் குமிழி வந்தது.

செத்துப்போன சக்கை என்று அவர் நினைத்தது எல்லாம் மூச்சுக்குழாய். சேற்றுக்குள் கிடக்கும் கிழங்கு, புதுத் தண்டு மேலே வரும்வரைக்கும் பழைய தண்டு வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை அத்தனையும் அறுத்து, மேலே ஒரு சாண் தண்ணீரும் ஊற்றி மூடியிருக்கிறார். கூடையைக் குழாய்மேல் வைத்தவளைத் திட்டினோமே என்று நினைத்துக்கொண்டார்.

செத்திருக்குமா? ஒரு கிழங்கைத் தோண்டி நகத்தால் கீறினார். உள்ளே வெள்ளை. இன்னொன்றும் வெள்ளை. மூன்றாவது கறுப்பு. நான்காவது வெள்ளை. அது போதும் என்று எழுந்தார்.

செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. படுகைத் தண்ணீரை இறக்க வேண்டும், கட்டைகள் காற்றுக்கு வெளியே வர வேண்டும். ஆனால் வளைவைக் கீழே திருப்பினால் இந்தக் கறுப்புத் தண்ணீர் நேரே ஏரிக்குப் போகும். ஆகவே அதைப் பழைய சிமெண்ட் தொட்டிக்கு இறைக்க வேண்டும். இறைத்த பிறகு புதிதாக ஒரு வாளி சோப்புத் தண்ணீர்கூட உள்ளே வரக் கூடாது. என்றால், துவைக்கவே கூடாது. துளிர் வரும்வரைக்கும்.

“நிறுத்தறதா?” என்றார் மாப்பிள்ளை. “ஆஸ்பத்திரிக்காரங்க நாளைக்குத் துணி எங்கேன்னு கேட்டா, கோரைக்கு மூச்சுத்திணறல், ஐ.சி.யூ.ல இருக்குன்னு சொல்லட்டுமா?”

“துணி போகும். வேற இடத்துல துவைச்சு வாங்கித் தர்றேன்.”

“வேற எங்க? இந்த வட்டாரத்துல இருக்கிறதே இன்னொரு கூடம்தான். அவரோடதான் நீங்க பேசறதில்லையே.”

பேசுவதில்லைதான். ஆறு வருஷமாக. எதிர்க்கூடத்துக்காரர் ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், பத்துப் பேர் முன்னால், “அவரு மடிப்பு கண்ணுக்கு அழகு, படுக்கைக்கு ஆகாது. பிரிக்கிறதுக்குள்ள நோயாளிக்கு விடிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தெருவில் எதிரே வந்தாலும் இஸ்திரிக்காரர் மறுபக்கச் சுவரைப் படிப்பார்.

இப்போது அவருடைய வாசலில் போய் நின்றார். செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. இன்று குனியவில்லை.

“அட, யாரு. வழி தவறிட்டீங்களா?”

“வழி தெரிஞ்சுதான் வந்தேன். ஒரு எட்டுப் பத்து நாளைக்கு எங்க துணியை நீங்க துவைச்சுத் தரணும்.”

“மெஷின் ரிப்பேரா?”

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. “மெஷின் நல்லா இருக்கு. நான்தான் ரிப்பேர். தங்கச்சி நட்ட கோரையை அறுத்துட்டேன்” என்றார்.

எதிர்க்கூடத்துக்காரர் சிரிப்பார் என்று காத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க. துணியை அனுப்புங்க. ஆனா ஒண்ணு, இங்க வந்தா என் மடிப்புலதான் போகும். நாலா மடிப்பேன். உங்க மாதிரி எட்டா மடிக்க ஆளில்லை.”

இஸ்திரிக்காரர் உள்ளங்கையால் வேட்டியை ஒரு தடவு தடவினார். “நாலாவே மடிங்க.”

“ஓரம் சேரலைன்னு பிறகு சொல்லக் கூடாது.”

“சொல்லமாட்டேன்” என்றார். அவர் வாழ்க்கையில் கொடுத்த வாக்குகளில் கஷ்டமானது அதுதான்.

சாயங்காலம் தங்கை கூப்பிடும் முன் இவரே கூப்பிட்டார்.

“தங்கச்சி, சொன்னா திட்டு. ஆனா நான் முடிக்கிற வரைக்கும் வச்சிடாத.”

எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொன்னார். நூல் பிடித்தது, தண்ணீருக்குள் நாலு விரல் விட்டு அறுத்தது, ஏழாவது விதி, ஜம்மென்று இருக்கிறது என்று எட்டு நாள் சொன்னது, நாற்றம், குவளையில் குமிழி. அந்தப் பக்கம் குழந்தை நடுவில் ஒரு முறை கத்தி ஓய்ந்தது.

“எல்லாத்தையுமா வெட்டின?” என்றாள் தங்கை.

“மோட்டார் ரூம் மூலையில ஒரு குத்து இருக்கு. எட்டலை.”

“எட்டலைன்னு விட்டியா, வேணும்னு விட்டியா?”

“எட்டலை.”

“குழாய் வச்ச பிளம்பர் நல்லா இருக்கட்டும்” என்றாள். பிறகு மூச்சை இழுத்து விடுவது கேட்டது. “தண்ணிய இறக்கு. சேறு மட்டும் ஈரமா இருக்கட்டும், காய விட்றாத. நாளைக்கே துவைக்கிறத நிறுத்தணும்.”

“இறக்கியாச்சு. நிறுத்தியாச்சு. துணி எதிர்க்கூடத்துக்குப் போகுது.”

“யார் போய்க் கேட்டா? அவரா?”

“நான்தான்.”

“சாப்பிட்டியாண்ணே?” என்று கேட்டாள்.

அடுத்த நாட்கள் நத்தைபோல ஊர்ந்தன. காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, வெயில் தாழ்ந்து ஒரு முறை படுகையைச் சுற்றிவந்தார். சேறு காய்ந்து வெடிக்கிற மாதிரி இருந்தால் நல்ல தண்ணீரைப் பூவாளியால் தெளித்தார். எதிர்க்கூடத்திலிருந்து மடித்த விரிப்புகள் வண்டியில் வந்தன. மூலைக்கு மூலை சேரவில்லை. ஓரத்தில் நாய்க்காது. மாப்பிள்ளை வேண்டுமென்றே ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாருங்க மச்சான், என்ன அழகு.”

“நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க மாப்பிள்ளை” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

ஐந்தாம் நாள் நாற்றம் குறைந்தது. ஏழாம் நாளும் சேறு மொட்டையாகவே கிடந்தது. எட்டாம் நாள், இருபத்து மூன்றாம் தேதி காலை, படுகையின் நடுவில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. யாராவது நூல்துண்டு போட்டிருப்பார்கள் என்று நினைத்து எடுக்கக் கையை நீட்டினார். நூல் இல்லை. இழுக்க வரவில்லை. பக்கத்தில் இன்னொன்று. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். அந்த அளவிலேயே மூன்று பட்டை தட்டியது.

கூடத்தில் போய் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், ஒரு படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினார். படம் ஆடிப்போயிருந்தது. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. பதிலுக்குக் குழந்தையின் படம் வந்தது, கொட்டாவி விடுகிற படம்.

இருபத்தெட்டாம் தேதி தங்கை வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேராகப் படுகைக்குப் போனாள். சுற்றி நடந்தாள், குனிந்தாள், ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்து நூற்றுப்பத்தில் விட்டுவிட்டாள். மூன்றில் ஒரு பங்கு இடம் வெறும் சேறுதான். அது போனது போனதுதான். அண்ணன் பத்தடி தள்ளி, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றியவன் மாதிரி நின்றார்.

“ரெண்டு மெஷின் மட்டும் ஓட்டலாம். தண்ணி நாலு விரல் போதும், இது வளர வளர ஏத்திக்கலாம்” என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் மூலைக் குத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, “உனக்கு எட்டாதது இந்த உலகத்துல இன்னும் கொஞ்சம் இருக்கணும்ணே” என்றாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

முதல் தேதி அதிகாரி வந்தார். படுகையைப் பார்த்தவர் முகம் சுருங்கியது. “என்ன இது, மொட்டையடிச்சிருக்கு?”

தங்கை வாயைத் திறக்கும் முன் இஸ்திரிக்காரர் முன்னே வந்தார். “நான்தான் சார் அறுத்தேன். அழகா இருக்கும்னு. எட்டு நாளைக்கு மேலே கூடத்தை நிறுத்தி வச்சு, இப்ப பாதிதான் ஓட்டறோம். கெட்ட தண்ணி இறைச்சதெல்லாம் அந்தத் தொட்டியில இருக்கு, சொட்டுச் சொட்டாத்தான் படுகைக்கு விடறோம்.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். வாய்க்காலில் பாட்டிலை மொண்டார், வெயிலுக்கு நேரே தூக்கினார். தெளிவு என்று சொல்ல முடியாது. கலங்கல் என்றும் சொல்ல முடியாது. பையிலிருந்து கருவியை எடுத்து உள்ளே விட்டு, எண் நிற்கும்வரை காத்திருந்தார். மாப்பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை.

“அனுமதிச்ச கோட்டுக்குக் கீழதான் இருக்கு. மயிரிழை” என்றார். “அடுத்த மாசம் இதைவிட நல்லா இருக்கணும்.”

“இருக்கும் சார்” என்றாள் தங்கை.

அதிகாரி போனதும் எதிர்க்கூடத்துக்காரர் வந்து சேர்ந்தார். பாக்கித் துணியைக் கொடுக்க வந்ததாகச் சொன்னார். சும்மா நிற்காமல் வாய்க்கால் தண்ணீரை எட்டிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்தக் கிழங்கு ரெண்டு மூணு கிடைக்குமா? என் பின்பக்கமும் கொஞ்சம் வாடை வருது” என்றார்.

“ஏரிக்கரை பூரா கிடக்கு. எடுத்துக்குங்க” என்றாள் தங்கை. “ஆனா ஒரு கண்டிஷன். எங்கண்ணனை மட்டும் பக்கத்துல விட்டுடாதீங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். மடிப்பு அண்ணனும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

வெறும் சேறாகக் கிடந்த இடத்தில் அன்று மத்தியானம் அவரே கோரை நட்டார். தங்கை கரையிலிருந்து கிழங்கு கொண்டுவந்து போட, அவர் படுகைக்குக் குறுக்கே நூல் கட்டி, சாணுக்கு ஒன்றாக, ஊசி போட்ட மாதிரி நேராக நட்டுக்கொண்டே போனார்.

“நேரா நடறார் பாரு. அறுக்கும்போதும் நூல், நடும்போதும் நூல்” என்றார் மாப்பிள்ளை.

“நடட்டும் விடுங்க” என்றாள் தங்கை. “அது கேட்டாத்தான.”

கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் கோரை சேற்றுக்குள் தன் இஷ்டத்துக்கு ஓடி, நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மூன்று என்று முளைத்து, இடுப்புயரம் நின்றது. தண்ணீர் மறுபடி ஒரு சாண் ஏறியது. நான்கு மெஷினும் ஓடின. இஸ்திரி மேஜையிலிருந்து பார்த்தால், வரிசை என்ற ஒன்று அங்கே இருந்த தடயமே இல்லை.

ஜன்னலுக்கு நேர் கீழே, கரையையே தாண்டி நடைபாதை ஓரத்தில் ஒரு தண்டு முளைத்திருந்தது. போகிறவர் வருகிறவர் கால் படுகிற இடம். அவர் வெளியே போய்க் குனிந்தார், கை அதன் கழுத்துவரை போனது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, பக்கத்தில் கிடந்த நான்கு செங்கல்லை எடுத்து அதைச் சுற்றி வைத்தார். சதுரமாக வைத்தார். அதை மட்டும் அவரால் விட முடியவில்லை.